வெளிநாட்டில் ஏ.டி.சி. வேலை என்று பணம் கேட்கிறவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

வளைகுடா நாடொன்றில் ஒப்பந்த முறையில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் (ஏ.டி.சி.) வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஏஜென்சியிடம், 2025ஆம் ஆண்டின் முதல் பாதியில், நான் 1,73,000 ரூபாய் இழந்தேன். அசோக் நகர்ப் பகுதியில் ஒரு மாடியில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. பணம் போனது எனக்கு ஆறிப்போகக்கூடிய புண். ஆனால், அதே ஏஜென்சி என்னை ஒரு மேடையில் உட்காரவைத்து, என் முப்பத்தாறு ஆண்டு அனுபவத்தைக் காட்டி, படித்து முடித்த பிள்ளைகளிடம் தலைக்கு மூன்றரை லட்சம் வீதம் வாங்கியிருக்கிறது என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. அது ஆறவில்லை. ஆகவே நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

1988இல், அப்போதிருந்த தேசிய விமான நிலைய ஆணையத்தில் சேர்ந்து, அலகாபாத் பயிற்சிக் கல்லூரியில் படித்து, பிறகு பணிக்காலத்தின் பெரும்பகுதியை மீனம்பாக்கத்தில் கழித்தேன். ஓடுதளத்தைப் பார்க்கும் டவர், விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கையாளும் அப்ரோச், உயரப் பறப்பவற்றைக் கவனிக்கும் ஏரியா என்று மூன்று இடங்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். 2024 மே மாதம் அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் உடம்பு இரவு ஷிப்டின் நேரத்துக்கே விழித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்தால் என்ன என்ற எண்ணம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

2025 பிப்ரவரியில் தொலைபேசியில் பேசியவர், அதற்குச் சில நாள்களுக்கு முன், ஜனவரி 29 அன்று, வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்த விபத்தைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்கினார். அன்றிரவு அங்கே ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் ஒரே கன்ட்ரோலர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது செய்திகளில் வந்திருந்தது. அமெரிக்காவில் கன்ட்ரோலர்கள் சுமார் 3,000 பேர் குறைவாக இருக்கிறார்கள், உலகம் முழுக்க இதே நிலைதான், உங்களைப் போன்ற அனுபவசாலிகளைத் தேடி அலைகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 1981இல் வேலைநிறுத்தம் செய்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கன்ட்ரோலர்களை ரீகன் அரசு ஒரே அடியாகப் பணிநீக்கம் செய்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. 2002இல் ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தபோது, அந்த வான்வெளியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் உடன் இருந்தவர் இடைவேளை ஓய்வுக்குப் போய்விட, ஒருவரே இரண்டு இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பற்றாக்குறை என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு மனம் பதைக்கும். அந்தப் பதைப்பைத்தான் அவர்கள் என்னிடம் பிடிமானமாக்கிக்கொண்டார்கள்.

அலுவலகம் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. சுவரில் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆவணச் சரிபார்ப்புக்கு 35,000 ரூபாய், லைசென்ஸை அந்த நாட்டு லைசென்ஸாக மாற்றித் தருவதற்கு 1,20,000 ரூபாய், மருத்துவப் பரிசோதனைக்கு 18,000 ரூபாய் என்று மூன்று தவணையாக வாங்கினார்கள். மூன்றையும் யு.பி.ஐ. வழியாக ஒரு தனிநபர் கணக்குக்கே அனுப்பச் சொன்னார்கள். ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது. மருத்துவப் பரிசோதனை என்று வடபழனியில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கன்ட்ரோலருக்கு வேண்டியது மூன்றாம் வகுப்பு மருத்துவத் தகுதி. அதில் காதுகேட்கும் திறனையும், நிறம் பிரித்தறியும் பார்வையையும் சோதிக்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், அதுவும் லைசென்ஸ் தரும் ஆணையம் ஏற்றுக்கொண்ட மருத்துவர் மட்டுமே போட முடியும். இவ்வளவும் தெரிந்த நான் அன்று படியிறங்கி வரும்போதே விலகியிருக்க வேண்டும். மீதிச் சோதனைகளை அந்த நாட்டுக்குப் போனதும் எடுப்பார்கள் என்று அவர்கள் சொன்னதை நம்பினேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தத் துறையில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கே.கே. நகரில் ஒரு சிறிய அரங்கம். முப்பது பேர் வரை வந்திருந்தார்கள். ரேடார் திரையில் ஒரு புள்ளிக்குப் பின்னால் இருநூறு உயிர் இருக்கிறது என்பதையும், சென்னை வான்வெளி வங்காள விரிகுடாவின் மேல் எவ்வளவு தூரம் விரிந்து கிடக்கிறது என்பதையும், ஒரு விமானத்தைக் கொழும்புக்கோ கோலாலம்பூருக்கோ எப்படி ஒப்படைக்கிறோம் என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் நல்ல கேள்விகள் கேட்டார்கள். நான் கிளம்பிய பிறகு, அதே அரங்கில், ஆறு வாரப் பயிற்சி, பிறகு வளைகுடாவில் ஒப்பந்த வேலை, இரண்டாண்டில் அமெரிக்கா என்று சொல்லி விண்ணப்பப் படிவங்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் இறுதியில் எனக்கு ஆஃபர் லெட்டர் வந்தது. அதைப் படித்தபோதுதான் என் கண் திறந்தது. பணியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அப்ரோச் கன்ட்ரோலில் தனியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் தொழிலைத் தெரிந்த எவரும் இந்த வரியை எழுத மாட்டார்கள். லைசென்ஸ் ஆளைச் சேர்ந்தது; அதில் ஏறும் ரேட்டிங்கோ, அதாவது இன்ன இடத்தில் இன்ன பணியைச் செய்யலாம் என்ற தகுதிக் குறிப்போ, இடத்தைச் சேர்ந்தது. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றும் எங்கே நிற்கின்றன, தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் கடல் பக்கமிருந்து மேகம் கட்டினால் எந்தப் பக்கம் விமானங்களைச் சுற்றவிட வேண்டும் என்பதெல்லாம் மீனம்பாக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை. டெல்லியில் இருபது ஆண்டு வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகி இங்கே வந்தாலும், இங்குள்ள ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, மேற்பார்வையில் பேசி, தேர்வு எழுதி, அதன் பிறகே தனியாக மைக்கைப் பிடிப்பார். இது சர்வதேச விதி. தவிரவும், ஒருவர் வேலையிலிருந்து விலகி அதிகபட்சம் ஆறு மாதம் கடந்தால் ரேட்டிங் செல்லாது. நான் ஓய்வு பெற்று அப்போது ஏறத்தாழ ஒரு வருடம் ஆகியிருந்தது. செல்லாத ரேட்டிங்கை வைத்துக்கொண்டு, பார்த்தே இராத ஒரு விமான நிலையத்தில், முதல் வாரத்திலேயே தனியாகப் பேச வேண்டும் என்று ஓர் உண்மையான நிறுவனம் எழுதுமானால், அந்த நிறுவனத்தின் வான்வெளிக்குள் நான் பயணியாகக்கூடப் போகமாட்டேன். அடுத்த நாள் போய்க் கேட்டேன். பதில் சொல்லாமல், பாதுகாப்பு வைப்புத்தொகையாக இரண்டு லட்சம் கட்டினால் விசா வரும் என்றார்கள். கட்ட மறுத்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தள்ளினார்கள். பிறகு போனை எடுப்பதை நிறுத்தினார்கள்.

அதோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். ஆகஸ்டு மாதம் ஒரு காலைப் பொழுதில், அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் தம் மகனுடன் நங்கநல்லூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையிலிருந்த போனில் நான் மேடையில் பேசும் படம் இருந்தது. “உங்களப் பாத்துத்தான் சார் பணம் கட்டினோம். இவ்ளோ பெரிய ஆபீசர் வந்திருக்காரேன்னு இவங்க அம்மா நகைய அடகு வச்சிட்டோம்” என்றார். குரலை உயர்த்தவில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொன்ன பிறகும், செருப்பைக் கழற்றாமல் சிறிது நேரம் வெளியிலேயே நின்றார். அந்தப் பையன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதையும், அரங்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டியதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆறு வாரத்தில் யாரும் கன்ட்ரோலர் ஆக முடியாது. சர்வதேச விதிப்படி லைசென்ஸுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதன் மேல், டவர் ரேட்டிங்குக்குக் குறைந்தது 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், அப்ரோச்சுக்கும் ஏரியாவுக்கும் 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம், இவற்றில் எது கூடுதலோ அவ்வளவு காலம், உண்மையான போக்குவரத்தை மேற்பார்வையில் கையாண்டிருக்க வேண்டும். அசோக் நகர் மாடியில் ஒரு கணினித் திரையை வைத்து இந்த மணிக்கணக்கைக் கொடுக்க முடியாது. அவர்கள் ஆங்கிலத் திறன் சான்றிதழ் என்று தனியாக 22,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கான சர்வதேச அளவுகோலில் வேண்டிய நான்காம் நிலைத் தகுதியை அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் சோதித்துத் தர வேண்டும், தந்தாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும். அமெரிக்காவைப் பொறுத்தவரை அந்நாட்டுக் குடிமக்களை மட்டுமே கன்ட்ரோலர் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். பொதுவாக 31 வயதுக்குள் விண்ணப்பித்திருக்கவும் வேண்டும். எத்தனை ஆயிரம் இடம் காலியாக இருந்தாலும் சென்னைப் பிள்ளைக்கு அந்தக் கதவு கிடையாது. வளைகுடாவில் வெளிநாட்டுக் கன்ட்ரோலர்கள் வேலை செய்வது உண்மை. ஆனால் நான் பார்த்த அறிவிப்புகள் எல்லாம் நடப்பில் உள்ள ரேட்டிங்கையும் சில ஆண்டு அனுபவத்தையும் கேட்டன. புதிதாகப் படித்து முடித்தவரைக் கேட்ட அறிவிப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த ஏஜென்டும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைத் தட்டினால் பதிவு இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்றவர்கூட வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு என்பது வரி கட்டுவதற்கானது. ஆளை அனுப்பும் உரிமை அதில் இல்லை. ரசீதில் ஆலோசனை என்றும் பயிற்சி என்றும் எழுதுவது இந்தச் சட்டத்தின் கண்ணில் படாமல் இருக்கத்தான். சந்தேகம் இருப்பவர்கள் கிண்டியில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் நேரில் போய் விசாரிக்கலாம். அசோக் நகரிலிருந்து கிண்டிக்குப் போக நேரம் அதிகம் ஆகாது, நான் போகவில்லை.

என்னை இன்னும் வருத்துவது வேறொன்று. 2025 ஏப்ரலில் இந்திய விமான நிலைய ஆணையம் இதே வேலைக்கு 309 இடங்களை அறிவித்தது. விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் அதுவும் கிடையாது. இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரிகளும், பொறியியல் பாடத்தில் அவற்றைப் படித்தவர்களும் எழுதலாம். வயது வரம்பு 27. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, உளவியல் சோதனை, மருத்துவம் என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். தாண்டியவர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே அரசு பணம் கொடுக்கும். வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டது, இங்கே விண்ணப்பித்தால் அங்கே சிக்கல் வரும் என்று ஏஜென்சி சொன்னதை நம்பி, அந்த அரங்கத்துப் பிள்ளைகளில் பலர் விண்ணப்பிக்கவேயில்லை. அம்பத்தூர்ப் பையனுக்கு, தளர்வையும் சேர்த்து, அதுவே கடைசி வாய்ப்பு. நகையை மீட்டுவிடலாம், அந்த வயதை எங்கே போய் மீட்பது என்று அவன் அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில், மத்தியக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருக்கிறது. யு.பி.ஐ. வழியாகப் பணம் கட்டியவர்கள், கட்டிய சில மணி நேரத்துக்குள்ளேயே சந்தேகம் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும். காலம் போகப் போகப் பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு மாறிவிடும். மார்ச் மாதம் கே.கே. நகர் அரங்கத்துக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள், பணம் அனுப்பிய விவரங்களை அச்செடுத்து வையுங்கள், ஆஃபர் லெட்டரைக் கிழித்துப் போடாதீர்கள். வேப்பேரிக்கு வந்தால் நானும் உங்களோடு வருகிறேன். அந்த மேடையில் பேசியது நான் என்பதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஏஜென்சியின் சார்பில் யாரோ ஒருவர் ஒவ்வொரு வீடாகப் போய், கட்டியதில் பாதியை இப்போதே ரொக்கமாகத் தருகிறேன், புகார் எதுவும் இல்லை என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கிறார். இரண்டு குடும்பங்கள் போட்டுவிட்டன; அவர்களுடைய கஷ்டம் எனக்குத் தெரியும், அவர்களை நான் குறை சொல்லவில்லை. சென்ற வாரம் என் வீட்டுக்கும் வந்தார். தாளை மேசையில் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.