மூடில் அகாடமி: மலையகத்துப் போதனாசிரியர்களுக்கு இந்த இலவசப் பயிற்சி போதுமா?

தொழினுட்பக் கல்லூரி, சமுதாயக் கல்லூரி போன்ற இடங்களில் தொலைக்கல்வி நடத்தும் போதனாசிரியர்களுக்கு, இணையவழியில் பாடம் நடத்த உதவும் மூடில் மென்பொருளைக் கையாளக் கற்றுத்தரும் மூடில் அகாடமியின் இலவசப் பாடநெறிகளைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் ஒருவருக்கு லிங்க்கை மட்டும் அனுப்பி, "பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டால் பாதியிலேயே நின்றுவிடுவார். எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பதை இந்தப் பயிற்சி நன்றாகவே சொல்லித்தருகிறது. தமிழில் வினா அமைப்பதையும், சிக்னல் வந்து வந்து போகும் லயத்திலிருந்து படிக்கும் மாணவருக்குப் பாடத்தைச் சேர்ப்பதையும் நாம்தான் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

மூடில் 2002இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உட்பட இங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் இதையே பயன்படுத்துகின்றன. அகாடமி 2021இல் தொடங்கியது. புதியவர்கள் "மூடில் டீச்சிங் பேசிக்ஸ்" பாடநெறியில் தொடங்கலாம். அவரவர் வேகத்தில் படிக்கலாம். விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்குத் தனியே இருந்து படிப்பது சலிப்பாகிவிடும். நான்கைந்து பேர் ஒரு கணினி முன் அமர்ந்து, ஒரு வளவாளர் தமிழில் விளக்கிக்கொண்டு போனால் நிலைமையே வேறு.

செய்து பழக மூடிலின் பொதுப் பயிற்சித் தளம் இருக்கிறது. அது ஒவ்வொரு மணித்தியாலமும் தானாகவே அழிந்து புதிதாகிவிடும். 10.20க்குத் தொடங்கிய வேலை 11 மணிக்கு இருக்காது. எனவே மணி அடிக்கப் பத்து நிமிடத்துக்கு முன் பாடநெறியை பேக்அப் எடுத்துக் கணினியில் இறக்கிவைக்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால் செயலமர்வின் காலை வேளை வீணாகும்.

பெரிய குறை தமிழில்தான். கையேடுகளில் பெரும்பாலானவை இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றை அப்படியே மூடிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பதுபோல் தெரியும். முதலில் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின் வரிக்கு வரி வாசிக்க வேண்டும், ஏனென்றால் நடுவிலிருந்த ஆங்கிலச் சொற்களும் அடைப்புக்குறிகளும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும்.

பல்தேர்வு வினாக்களை மொத்தமாக ஏற்ற, சாதாரண உரைக் கோப்பில் எழுதும் எய்க்கன் வடிவம் இலகு: வினா ஒரு வரி, விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, கடைசியில் சரியான விடை. ஆனால் விடைகளுக்கு அ, ஆ, இ என்று குறியிட்டால் ஏற்காது. ஏ, பி, சி என ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே வேண்டும். கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமிக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

குறுவிடை வினாக்களில் இன்னொரு சிக்கல். தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். "மண்" என்று விடை கொடுத்தால், "மண்ணில்" என்று எழுதியவருக்குப் புள்ளி கிடைக்காது. "மண்*" என்று நட்சத்திரக் குறியோடு கொடுத்தால் இரண்டும் சரியாகும். ஆனால் "மரம்*" கொடுத்தால் "மரத்தில்" ஏற்கப்படாது. "மர*" என்று குறைத்தால் "மரபு"வும் சரி என்று வந்துவிடும். அத்தகைய சொற்களுக்கு ஏற்கக்கூடிய வடிவங்களைத் தனித்தனியே விடையாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பயிற்சியில் இதை எதிர்பார்க்க முடியாது. தமிழில் வளவாளர் தேவைப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது சிக்னல். மூடில் செயலியில் பாடத்தை இறக்கிவைத்து இணைப்பில்லாமல் வாசிக்கலாம், வினாவிடையும் செய்யலாம். ஆனால் அதற்கான அனுமதியைப் போதனாசிரியர் வினாவிடையின் அமைப்பில் கொடுத்திருக்க வேண்டும். நேர எல்லை வைத்தால் அந்த வசதி கிடைக்காது. வினாக்களை வரிசைப்படிதான் பார்க்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினாலும் அப்படியே. மலையகத்தில் நேர எல்லையை விட்டுக்கொடுப்பதுதான் நியாயம். விரிவுரையை வீடியோவாக அல்லாமல் ஒலியாகக் கொடுத்தால் டேட்டா மிச்சமாகும்: செக்கனுக்கு 32 கிலோபிட் வேகத்தில் பதிந்த பத்து நிமிட ஒலி 2.4 எம்பி மட்டுமே. படங்களைத் தனி பிடிஎஃப் ஆக இணைத்தால் போதும்.

ஒப்படை ஏறவில்லை என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். மாணவர் கொப்பியைப் போனில் நாலைந்து படமெடுத்தால் 15, 20 எம்பி ஆகிவிடும். கோப்பு அளவின் எல்லை சேர்வர், தளம், பாடநெறி, ஒப்படை என்று நான்கு இடங்களில் உண்டு; எது சிறியதோ அதுவே செல்லும். சேர்வரில் மூடிலை இயக்கும் பிஎச்பி மென்பொருளின் அமைப்பைத் தொடாமல் விட்டிருந்தால் எல்லை 2 எம்பிதான். போதனாசிரியர் ஒப்படையில் எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. தளத்தைப் பராமரிப்பவரிடம் சொல்ல வேண்டும். மாணவருக்கு ஸ்கேன் செயலி ஒன்றில் கறுப்பு வெள்ளை பிடிஎஃப் ஆக்கப் பழக்கிவிடுவதும் நல்லது.

தென்மேல் பருவமழை நாட்களில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மின்சாரம் போனால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. ஒப்படையில் இறுதித் திகதியும் முற்றாக மூடும் திகதியும் வேறுவேறு. இரண்டாவதை மூன்று நாள் தள்ளி வைத்தால் பிந்தியவருடையது "பிந்தியது" என்ற குறிப்போடு ஏறும்.

கட்டணம் கட்டிப் பெறும் மூடில் எஜுகேட்டர் சான்றிதழ், கல்வியாளருக்கான ஐரோப்பிய எண்ணிமத் திறன் சட்டகத்தின் 22 திறன்களைத் தழுவியது. ஒரு வருடமாவது கற்பித்த பின் யோசிக்கலாம்.

கல்லூரிக்கென்று மூடில் தளம் இன்னும் இல்லாமல் வட்ஸ்அப் குழுவிலேயே பாடம் நடந்தால், இந்தப் பயிற்சியை இப்போது தொடங்க வேண்டாம். தளம் கிடைத்த வாரத்திலேயே தொடங்குங்கள். கற்றதை உடனே சொந்தப் பாடத்தில் செய்து பார்க்காவிட்டால் மறந்துபோகும்.