விபாசனா பத்து நாள் பயிற்சி: ஓய்ந்து விழும் முன்பே போய்வந்தேன்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும் நான், இந்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே விடையை மூன்று முறை படித்தும் மதிப்பெண் போட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை; அந்தப் பிள்ளை என்ன எழுதியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று தோன்றியதே என்னைப் பயமுறுத்தியது. ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றையும் பணிச்சோர்வின் அடையாளங்களாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இரண்டாவது எனக்கு வந்துவிட்டது என்று புரிந்ததும், மே மாத விடுமுறையில் சென்னைப் புறநகரில் விபாசனா என்னும் தியான முறையைக் கற்றுத்தரும் மையம் ஒன்றில், பத்து நாள் மௌனப் பயிற்சிக்கு இடம் கேட்டு விண்ணப்பித்தேன்.

பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா, தம் ஆசான் ஊ பா கினிடம் கற்ற இந்தத் தியான முறையை 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து பரப்பினார். இன்றுவரை இதற்குக் கட்டணம் இல்லை. முன்பு பயின்றவர்களின் நன்கொடையில்தான் தங்குமிடமும் உணவும் நடக்கின்றன. நாமும் பயிற்சியை முடித்த பிறகு மட்டுமே, விரும்பினால் கொடுக்கலாம்.

கைப்பேசியையும் புத்தகங்களையும் முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் நாள்வரை சக பயிற்சியாளரிடம் பேச்சில்லை. அதிகாலை 4 மணிக்கு எழுப்பும் மணி, 11 மணிக்கு மதிய உணவு, மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பொரியும் ஒரு பழமும். இரவுச் சாப்பாடு கிடையாது. முதல் மூன்றரை நாள் மூக்கின் வாசலில் மூச்சைக் கவனிப்பது மட்டுமே வேலை. நான்காம் நாளிலிருந்து உடலெங்கும் எழும் உணர்வுகளை உச்சி முதல் பாதம்வரை பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். இரண்டாம் நாள் முழுவதும் என் மனம் அடுத்த ஆண்டுப் பாடங்களை வாரவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தது. ஆறாம் நாள், ஒரு மணி நேரம் அசையாமல் அமரும் அமர்வில், என் கீழ்த்தாடை கல்லாக இறுகி, பல்லோடு பல் அழுந்தியிருப்பதைக் கண்டேன். வகுப்பறைக்குள் நுழையும்போதெல்லாம் நான் இப்படித்தான் நுழைகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை ஆண்டுகளாக என்று தெரியவில்லை. இந்த ஒன்றுக்காகவே இப்பயிற்சியை மனமாரப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. நான் தங்கிய மையத்தில் மாலை உரையின் தமிழாக்கம் ஒலித்த ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்ததால் பாதி வார்த்தைகள் பிடிபடவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் முதல் நாளே நாற்காலி கேட்டுவிட வேண்டும். நான் மூன்றாம் நாள்வரை பொறுத்துக்கொண்டது தவறு. முக்கியமாக, இது மருத்துவம் அன்று. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று என்பதை மையங்களே தெளிவாகச் சொல்கின்றன. தூக்கமும் பசியும் ஏற்கெனவே கெட்டு, அழுகையை அடக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

வீடு திரும்பியபின் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் அமரச் சொல்கிறார்கள். எனக்கு விடியற்காலையில் அரை மணி நேரம்தான் வாய்க்கிறது. பத்து நாள் மௌனம் பள்ளியின் வேலைப்பளுவைக் குறைக்கப்போவதில்லை என்பதால், ஜூன் மாதம் தலைமையாசிரியரிடம் பேசி, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பை இன்னோர் ஆசிரியருடன் மாற்றி மாற்றி எடுக்க ஒப்புதல் வாங்கினேன். ஆய்வகக் கதவைத் திறக்கும் முன் தாடை இறுகியிருக்கிறதா என்று பார்த்து, தளர்த்திக்கொண்டு உள்ளே போகிறேன்.