கீழே பல் இல்லாத பால்பல்: காப்பதா, பிடுங்கி இடத்தை மூடுவதா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 3, 4 படிக்கும் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இந்தப் பால்பல்லுக்கு அடியில் நிலைப்பல் உருவாகவில்லை" என்று மருத்துவர் சொன்னதும், கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடாததுதான் காரணமோ என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது வேண்டாம். பெரும்பாலும் இது பரம்பரை வழி வருவது. பேக்ஸ்9, எம்எஸ்எக்ஸ்1 போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் இதற்குக் காரணமாகலாம்.

ஞானப்பல்லை விட்டுவிட்டால், அதிகம் காணாமல் போவது கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல், அதாவது கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் வரும் இரண்டில் பின்னது. ஒன்றிரண்டு பல் இல்லாததால் தாடையே சிறுத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. அடி வாங்குவது பல்லைத் தாங்கும் எலும்பு மேடுதான். பல் எழும்போது கூடவே வளரும் எலும்பு அது; பல் இல்லாத இடத்தில் மெலிந்துபோகும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் வழி, பால்பல்லை அப்படியே காப்பது. வேர் கரையாமல், சொத்தை இல்லாமல், பக்கத்துப் பற்களின் மட்டத்திலேயே நின்றால் அது இருபது வயதைத் தாண்டியும் உழைக்கும். எலும்பும் குறையாது. ஒரு சிக்கல் அகலம். பால் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 10 மி.மீ., அந்த இடத்துக்குரிய நிலைப்பல்லோ 7 மி.மீ. தான். பக்கங்களைச் சற்றுச் சீவிக் குறுக்கலாம். விரிந்த வேர்கள் ஓரளவுக்குமேல் விடாது. பெரிய ஆபத்து வேறு: சில பால்பற்கள் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள பற்கள் உயர, அது மட்டும் அமிழ்ந்ததுபோல் தங்கும். அங்கே எலும்பும் உயராது, பக்கத்துப் பற்கள் அதன்மேல் சாயும். வளரும் பிள்ளைக்கு இப்படி அமிழ்வது தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, பால்பல்லை எடுத்துவிட்டு இடத்தை மூடுவது. பல்வரிசை நெருக்கமாகவோ முன்துருத்தியோ இருக்கும் பிள்ளைக்கு இது அருமையான வழி. எட்டு, ஒன்பது வயதில் எடுத்தால் ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல் தானே ஓரளவு முன்னே நகரும். மிச்சத்தைப் பல்வரிசையைச் சீராக்கும் கம்பி பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதுக் கடைவாய்ப்பல் முளைத்தபிறகு எடுத்தால் சாய்வுதான் அதிகம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த முன்கடைவாய்ப்பல் சில பிள்ளைகளுக்குத் தாமதமாகவே எக்ஸ்ரேயில் தெரியும். ஏழு வயதுப் படத்தை வைத்து 'இல்லை' என்று தீர்ப்பெழுதிப் பிடுங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே இடைவெளி விட்டிருக்கும் வாயில் இந்த வழி பொருந்தாது. முன்பற்கள் உள்ளே இழுபடும்.

'இப்போது பிடுங்கிவிடலாம், பெரியவனானதும் இம்ப்ளான்ட் வைக்கலாம்' என்று மூன்றாவதாக ஒன்றும் காதில் விழும். இதை நான் ஏற்கமாட்டேன். இம்ப்ளான்ட் என்பது தாடையில் பதிக்கும் செயற்கை வேர், எலும்போடு இறுகுவது. வளரும் தாடையில் அதுவும் பின்தங்கும். பையன்களுக்கு வளர்ச்சி முடியவே இருபதை ஒட்டும், கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக் காலமே வந்துவிடும். பிடுங்கிய மூன்று ஆண்டுகளிலேயே எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடுகிறது. பிறகு எலும்பு ஒட்டுச் சிகிச்சை, கூடுதல் செலவு. இம்ப்ளான்ட் அறுவைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு உண்டுதான், கம்பிக்குக் கிடையாது. அதற்காக வழியை மாற்றிக்கொள்ளலாமா?

ஆக, நல்ல பால்பல் நிற்கும் வாயில் என் முதல் ஓட்டு அதைக் காப்பதற்கே. நெருக்கமான வாயில் மூடுவதற்கு.

மேல்வரிசையில் பக்கவாட்டு வெட்டுப்பல் இல்லையென்றால் கணக்கு வேறு. கோரைப்பல்லை அங்கே நகர்த்தி, சீவி, காம்பசிட் என்ற பல்நிறப் பசை பூசி உருவம் கொடுக்கலாம். எலும்பு கூடவே வரும், பதின்ம வயதிலேயே வேலை முடியும். கோரைப்பல் மிகப் பருத்தோ மஞ்சளாகவோ இருந்தால் இடம் விட்டு, பக்கத்துப் பல்லில் ஒட்டும் செயற்கைப் பல்லான ஒட்டுப் பாலம் வைத்துக் காத்திருப்பதே அழகு.

ஆறோ அதற்கு மேலோ பற்கள் உருவாகாத பிள்ளைக்கு இந்த ஒப்பீடு போதாது. முகத்தின் கீழ்ப்பகுதி உயரமே குறையக்கூடும், பல்லோடு சேர்த்துப் பாதிக்கும் மரபுக் கோளாறும் இருக்கலாம் என்பதால் வியர்வை, முடி, நகம் ஆகியவற்றையும் மருத்துவர் கேட்பார். பள்ளிப் பல் மருத்துவரிடம் பேசி, தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற இடத்தில் பல்சீரமைப்பு, குழந்தைப் பல் நிபுணர்களை ஒன்றாகப் பார்ப்பது நல்லது. தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரே வீட்டில் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்புண்டு.