பிங்க் போலீஸ் பேட்ச்: 10 டாலருக்கு என்ன கிடைக்கிறது

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் பிறந்தால் கலிஃபோர்னியாவின் பல ஊர்களில் போலீஸ்காரர் சட்டைத் தோளில் தைத்திருக்கும் துறை முத்திரை, அதாவது பேட்ச், பிங்க் ஆகிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் ஐர்வின்டேல் காவல்துறையோடு சேர்த்துப் பேசப்படும் 'பிங்க் பேட்ச் ப்ராஜெக்ட்' இது. இன்று அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான துறைகளில் இருக்கிறது. அதே பேட்சைப் பொதுமக்களுக்கும் விற்கிறார்கள், பெரும்பாலும் 10 டாலருக்கு. பணம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் போகிறது. ஐர்வின்டேலுக்குப் பக்கத்து ஊரான டுவார்ட்டியின் 'சிட்டி ஆஃப் ஹோப்' மருத்துவமனை இதில் முக்கியமான பெயர். யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்தத் துறையே முடிவு செய்வதால், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் கவுன்ட்டரில் வாங்குவதே நல்லது. ஆன்லைனில் தனியார் விற்கும் பேட்சில் நன்கொடை ஒரு காசும் இல்லாமல் இருக்கலாம்.

இனி பொருளுக்கு வருவோம். பெரிய குறை நிறத்தில்தான். நீலமும் பொன்னுமாக இருந்த முத்திரையை அப்படியே பிங்க் சாயல்களுக்கு மாற்றினால் எழுத்து பின்னணியோடு கரைந்துவிடும். நல்ல பேட்சில் ஊர்ப் பெயர் வெள்ளையிலோ கறுப்பிலோ இருக்கும். எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தையல் ஒன்றோடொன்று ஒட்டி 'a', 'e' எல்லாம் புள்ளியாகத் தெரியும்.

அடுத்தது நூல். ரேயான் நூல் பளபளக்கும், ஆனால் பிளீச் பட்டால் போச்சு. பாலியெஸ்டர் நூல் வெயிலையும் சலவையையும் தாங்கும். துணி முழுவதும் எம்ப்ராய்டரி செய்த பேட்ச் விறைப்பாக, கனமாக இருக்கும், ஓரம் சுருளலாம். பாதி மட்டும் தைத்து மீதியை வெறும் பிங்க் துணியாக விட்டால் விலை குறையும். ஆனால் துணி ஒரு வேகத்திலும் நூல் ஒரு வேகத்திலும் வெளுக்கும்.

சட்டையில் பொருத்துவதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் பேட்சை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் தைத்தபின் அது சுருங்கிச் சட்டைக் கையையும் இழுத்துச் சுருக்கிவிடும். தோள் தையலுக்கு அரை அங்குலம் கீழே, கை மடிப்புக்கு நடுவில் வைத்து, தடித்த ஓரத்தின் உள்பக்கப் பள்ளத்தில் தையுங்கள். பின்பக்கப் பசையை மட்டும் நம்பி இஸ்திரி போட்டால் பாலியெஸ்டர் சட்டையில் பளபளக்கும் தடம் விழும், நாலு சலவையில் மூலையும் கிளம்பும்.

போலீஸ்காரர்கள் ஒரு மாதத்துக்காக வழக்கமான பேட்சைப் பிரித்து பிங்கைத் தைத்தால் சட்டையில் ஊசித் துளைகள் தங்கிவிடும். வெல்க்ரோ சுலபம்தான், ஆனால் கைகலப்பில் யாராவது பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அக்டோபருக்கென்று தனிச் சட்டை வைத்துக்கொள்ளும் துறைகளின் வழியே உருப்படி.

பொதுமக்கள் இதைப் பையிலோ தொப்பியிலோ தைக்கலாம். சீருடை போலத் தெரியும் சட்டையில் வேண்டாம்: போலீஸ் போல நடிப்பது கலிஃபோர்னியாவில் குற்றம், பேட்ச் பிங்காக இருந்தாலும்.

இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். பல துறைகள் பேட்சை வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகின்றன. அதற்குள் ஒரு சின்ன அட்டை வைத்தால் போதும்: 40 முதல் 74 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாம்மோகிராம் (மார்பக எக்ஸ்ரே) என்பது அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவின் 2024 பரிந்துரை, ஆண்களுக்கும் இந்த நோய் வரும். அச்சுச் செலவு சில சென்ட்கள்தான்.