விக்கிப்பீடியாவின் விஷுவல் எடிட்டர்: அட்டவணைக்குக் கைகொடுக்கும், உருபில் இடறும்

2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் இயல்பிருப்பாக வந்து, எதிர்ப்பு வலுத்ததும் செப்டம்பரிலேயே 'விரும்பினால் மட்டும்' என்று பின்வாங்கிய தொகுப்புக் கருவி இது. குறியீடு தெரியாமலே, பக்கம் திரையில் தெரியும் வடிவிலேயே திருத்தலாம். அதன்பின் நிறையவே தேறிவிட்டது. ஆனால் தமிழில் எழுதுபவருக்கு ஒரு தொல்லை இன்னும் இருக்கிறது: வேற்றுமை உருபு.

குறியீட்டை நாமே அடித்துத் திருத்தும் மூலத் தொகுப்பில் [[சென்னை]]யில் என்று அடித்தால் முழுச்சொல்லும் நீல இணைப்பாகிவிடும். விஷுவல் எடிட்டரில் 'சென்னை'க்கு இணைப்புக் கொடுத்த பிறகு, கர்சர் இணைப்புக்கு வெளியே இருக்கும்போது 'யில்' அடித்துப் பாருங்கள். நாம் வேண்டுமென்றேதான் வெளியே அடித்தோம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டும் ஒட்டாதபடி விக்கிக் குறியீட்டை முடக்கும் ஒரு வெற்று நோவிக்கி குறியை நடுவில் செருகிவிடுகிறது. பாதிச் சொல் நீலம், பாதி கறுப்பு. திரையில் குறி தெரியாது. பின்னால் மூலத்தைத் திறப்பவர் தலையில்தான் அதைக் களையும் வேலை விழும். இதைத் தவிர்க்க, முதலில் 'சென்னையில்' என்று முழுதாக அடியுங்கள். சொல் முழுவதையும் தேர்ந்து கன்ட்ரோல்+கே அழுத்துங்கள். தேடல் பெட்டியில் உருபை மட்டும் அழித்துவிட்டு, கீழே வரும் 'சென்னை'யைச் சொடுக்குங்கள்.

'தமிழ்நாட்டில்' போல அடிச்சொல்லே திரியும் இடத்தில் இதே முறைதான் மூலத்தைவிட எளிது. அங்கே [[தமிழ்நாடு|தமிழ்நாட்டில்]] என்று சொல்லை இருமுறை அடித்தாக வேண்டும்.

அட்டவணை என்றால் யோசிக்கவே வேண்டாம், விஷுவல் எடிட்டர்தான். 20 வரி அட்டவணையில் நடுவே ஒரு நெடுவரிசை சேர்க்க, மூலத்தில் 20 இடத்தில் கை வைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்த வரியின் தரவு பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்துவிடும். இங்கே நெடுவரிசையின் தலையில் உள்ள அம்பைச் சொடுக்கிச் செருகினால் முடிந்தது.

இணைய முகவரியை ஒட்டினால் மேற்கோளை, அதாவது சான்றுக் குறிப்பை, தானே நிரப்பித் தருவதும் நல்ல வசதி. ஆனால் செய்தித் தளங்களுக்கு ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சில நேரம் தளத்தின் பெயரே வந்து உட்காரும், தேதி விடுபடும். சரிபார்த்துத் திருத்துங்கள்.

பல பக்கங்களில் செருகிப் பயன்படுத்தும் ஆயத்த அச்சுதான் வார்ப்புரு. அதன் எந்த இடத்தில் எதை நிரப்புவது என்ற அளவுரு விளக்கம் எழுதப்படாமல் இருந்தால், நிரப்புவதற்காகத் திறக்கும் உரையாடல் பெட்டி அவ்வளவாக உதவாது. மூலத்துக்கு மாறிவிடுவதே மேல்.

ஒரே மேற்கோளை இரண்டாம் முறை பயன்படுத்தும்போது அதற்கு ':0', ':1' என்று பெயரிடுகிறதே, அதுதான் எனக்குப் பெரிய குறை. இப்படிப்பட்ட இரண்டு கட்டுரைகளின் மூலத்தை ஒன்றிணைத்தால் இரண்டு ':0' மோதி மேற்கோள் பிழை வரும். மூலத்துக்குப் போய், நூல் பெயரும் ஆண்டும் வரும்படி உடனே பெயரை மாற்றிவிடுங்கள். அதே பெயர் வரும் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும்.