நீள ஏராப் படகு, பளபள பெயின்ட், போன பணம் 2,40,000 ரூபாய்

மும்பையில பழைய பாய்மரப் படகு வாங்குற யோசனையில யாராவது இருந்தா, முன்பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. பழைய பொருள் விக்கிற ஒரு ஆப்ல பார்த்த 26 அடி ஃபைபர் படகுல 2,40,000 ரூபாய் போச்சு. 2,15,000 முன்பணம். மிச்சம் 25,000 அந்த ஆப்பே ஏற்பாடு பண்ணின பரிசோதனைக்கு. படகைக் கிரேன்ல தூக்கினது முந்தாநாள். என்னென்ன பார்க்கணும்னு கடைசியில பத்து குறிப்பு தர்றேன்.

ஏரான்னா படகோட அடியில, நடுவுல கீழ நீட்டிக்கிட்டிருக்கிற கீல். நீள ஏரான்னா, படகோட முன்முனையான அணியத்துக்குக் கொஞ்சம் பின்னால ஆரம்பிச்சு, பின்முனையான கடையால் வரைக்கும் ஒரே முதுகெலும்பா ஓடுற ஏரா. சுக்கான் அதோட பின் விளிம்புலயே தொங்கும். ரெண்டுக்கும் நடுவுல வெட்டின ஒரு ஜன்னல்ல புரொப்பெல்லர். வலை, கயிறு எதுவும் லேசுல மாட்டாது. நேரா ஓடும், அலையில தூக்கிப் போடாது. ரிவர்ஸ்ல மட்டும் சுக்கான் சொன்ன பேச்சு கேட்காது, புரொப்பெல்லர் இழுக்கிற பக்கம்தான் கடையால் போகும். இளங்காத்துல திருப்பினா பாதியில நின்னுரும். இதெல்லாம் இந்த வடிவத்தோட குணம், குறை இல்லை. இது தெரிஞ்சுதான் இந்தப் படகைத் தேடினது.

விக்கிறவர் தமிழ். தூத்துக்குடிப் பக்கமாம். "தம்பி, நம்ம ஆளுக்குத்தான் குடுக்கணும்னு வச்சிருந்தேன்"னார். "உலகத்தையே நிக்காமச் சுத்தின சுஹைலி படகு இந்த பம்பாயில கட்டினதுதான், இதுவும் அதே வம்சம்"னார். பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69ல தனியாளாச் சுத்தினது அதுலதான், இங்க கட்டினதும் உண்மை. ஆனா சுஹைலி தேக்குல கட்டின ரெட்டைப் பாய்மரக் கெட்ச், 32 அடி. இது ஒத்தைப் பாய்மர ஃபைபர். நீள ஏரா ஒண்ணுதான் ரெண்டுக்கும் பொது. அப்ப இது வாயில வரலை.

மயங்கி விழுந்த இடம் அடுத்தது, கடல்ல ஓட்டிக் காட்டினப்ப. பாயைச் சரிபண்ணிட்டு டில்லரை, அதான் சுக்கானைத் திருப்புற கைப்பிடியை, அப்படியே விட்டாரு. ஃபிளாஸ்க்கைத் திறந்து ரெண்டு பேருக்கும் டீ ஊத்தினாரு. டீ முடியுற வரைக்கும் படகு ஒரு டிகிரி விலகலை. அன்னிக்குச் சாயங்காலமே பணம் போயிருச்சு. நேரா ஓடினது ஏராவோட வடிவத்தால. அந்த ஏராவுக்குள்ள என்ன அழுகிக் கிடந்தாலும் அது அப்படித்தான் ஓடும். இது தெரிஞ்சும் டீயைக் குடிச்சாச்சு.

உள்ள என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. விளம்பரத்துல "ஈய அடிப்பாரம்", அதாவது படகு கவிழாம இருக்க ஏராவுக்குள்ள வைக்கிற எடை ஈயம்னு. ஈயத்தோட அடர்த்தி 11.3, இரும்பு 7.8. அதே எடைக்கு ஈயம் கம்மி இடத்துல, இன்னும் கீழ உக்காரும். துருவும் பிடிக்காது. இதுல இருந்தது சிமெண்டுல புதைச்ச இரும்புத் துண்டு. ஏராவோட முன் அடியில விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், அது வழியா எத்தனை வருஷமோ கடல் தண்ணி உள்ள போயிருக்கு. துரு பிடிச்சா இரும்பு ஊதும், ஊதினா ஃபைபர் பிளக்கும், பிளந்தா இன்னும் தண்ணி. இன்னிக்கும் காவிக் கலர்ல சொட்டுது. போல்ட் போட்ட ஏரான்னா கழட்டிப் பார்க்கலாம். இது ஃபைபருக்குள்ள வச்சு மூடினது. வெட்டி, இரும்பை எடுத்து, காயவச்சு, திரும்ப நிரப்பணும். படகு பழுதுபார்க்கிற யார்டுக்காரர் சொன்ன தொகை படகு விலையைத் தாண்டுது.

சுக்கானோட அடிக் கொண்டியும், அதான் சுக்கானைப் படகோட மாட்டி வைக்கிற உலோகப் பிடியும், போச்சு. வெண்கலம்னு சொன்னது பித்தளை. சுரண்டினா இளஞ்சிவப்பா வருது, அதாவது துத்தநாகம் கரைஞ்சு வெறும் செம்புப் பஞ்சுதான் மிச்சம். படகோட அடி உள்பக்கத்துல புதுசா சாம்பல் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. படகு முழுக்கப் பழசு, அங்க மட்டும் புதுசு. அப்பவே உறைச்சிருக்கணும்.

போன் பண்ணினா முதல் பதில், "கிரேன் பெல்ட் அழுத்தி வெடிச்சிருக்கும் தம்பி". பெல்ட் அழுத்தி ஒரே ராத்திரியில துரு ஊறுமா? ரெண்டாவது பதில், "கடல்ல கிடக்கிற பொருள்னா அப்படித்தான்". மூணாவது தடவை எடுக்கவே இல்லை. ஆப்ல புகார் போட்டா, நாங்க வெறும் இடைத்தரகர்னு ஒரு மெயில், புகார் முடிக்கப்பட்டதுன்னு இன்னொண்ணு. 25,000 வாங்கின பரிசோதனை அறிக்கையில 14 போட்டோ. மெத்தை, ஸ்டவ், பாய்மரம், ஏணி. ஏரா ஒண்ணுல கூட இல்லை. கேட்டா, தண்ணிக்கு மேல தெரியுற பகுதி மட்டும்தான் பார்ப்போம்னு கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்காம். 2,40,000 ரூபாய், ஆளாளுக்குக் கையைக் காட்டுறாங்க.

பத்து குறிப்பு எழுதுற நிலையில இல்லை. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க.

தண்ணியில மிதக்குற படகுக்கு ஒரு ரூபாய் குடுக்காதீங்க. கிரேன் செலவுன்னு விக்கிறவர் இழுத்தா, மும்பையில கடல் பெருசா ஏறுற நாள்ல ஏத்தம் நாலு மீட்டருக்கு மேல. சேறு இல்லாத கெட்டித் தரையில, சுவரோரம் கட்டி விட்டா வத்தும்போது நீள ஏராப் படகு தன் ஏரா மேலயே நிக்கும், சில மணி நேரம் அடியைச் சுத்திப் பார்க்கலாம். அதுக்கும் வேண்டாம்னா கிளம்பிருங்க.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூல்ல கட்டி ஏரா ஓரமாத் தொங்க விடுங்க. உள்ள இரும்புன்னா சாயும், ஈயம்னா அசையாது. சுக்கானோட அடி நுனியைப் பிடிச்சு ஆட்டுங்க, கொண்டியைச் சுரண்டுங்க.

1915ங்கிற நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. மழை வர மூணு வாரம்தான் இருக்கு, யார்டு வாடகை நாள் கணக்குல ஏறுது. மீதியை அப்புறம் எழுதுறேன்.