சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி ஹால் கல்யாணத்துக்கு "ஆல் இன் ஒன் பேக்கேஜ்" எடுக்கப் போறவங்க முதல்ல இத படிங்க. எங்களுக்கு 2,400 டாலர் போச்சு

நேத்து ராத்திரி அந்த பேக்கேஜ வித்த ஏஜென்ட் அனுப்புன கடைசி மெசேஜ படிச்சதுல இருந்து கை நடுங்குது. தூங்கல. விடியறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

என் தங்கச்சி கல்யாணம். விசா விஷயமா சட்டப்படி பதிவ இங்கயே சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்துச்சு, தாலி கட்டு அடுத்த தை மாசம் மதுரைல. அப்பாவுக்கு இவ்ளோ தூரம் ஃப்ளைட்ல உக்கார முடியாது, அவர விட்டுட்டு அம்மாவும் வர முடியாது. அதனால நான் அவங்க கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், "நீங்க வரலன்னா என்னம்மா, ஒரு நிமிஷம் விடாம போட்டோ எடுத்து அனுப்பறேன்"னு. அந்த போட்டோ செலவு அக்காவோட சீர்னு நானே ஏத்துக்கிட்டேன். ஆள தேடுனதும் நான், காச அனுப்புனதும் நான்.

சிட்டி ஹால் (இந்த ஊர் நகராட்சி கட்டடம், அங்கயே சட்டப்படி கல்யாணமும் பண்ணி வைப்பாங்க) தான் வேணும்னு கேட்டது மாப்பிள்ளை. அவர் சிவில் இன்ஜினியர், அந்த கட்டடத்து மேல அவருக்கு அப்படி ஒரு பிரியம். பழைய சிட்டி ஹால் 1906 நிலநடுக்கத்துல போயிடுச்சு, ஆர்தர் பிரவுன் ஜூனியர் வரைஞ்சு 1915ல திறந்தது தான் இப்ப இருக்கறது. 307 அடி உயரத்துல டோம், வாஷிங்டன் கேபிடல் டோமை விட உசரம். 1989 நிலநடுக்கத்துல இதுவும் அடி வாங்குச்சு, அப்புறம் அடில ஐசொலேட்டர் வச்சு, பூமி ஆடுனாலும் மேல கட்டடம் அவ்வளவா ஆடாத மாதிரி பண்ணி 1999ல மறுபடி திறந்தாங்க. இத அவர் எனக்கு மூணு தடவையாவது சொல்லியிருப்பாரு. அவ்ளோ ஆசையா இருந்தாங்க ரெண்டு பேரும்.

ஒரு கல்யாண புக்கிங் வெப்சைட்ல தேடுனேன் (பேர் எழுத மாட்டேன், போட்டோகிராபர், மேக்கப், பூ எல்லாம் ஒரே இடத்துல காட்டுமே அந்த மாதிரி). அதுல "சிட்டி ஹால் ஸ்பெஷலிஸ்ட்"னு ஒரு ஏஜென்ட். போட்டோ எல்லாம் அவ்ளோ அழகு, அந்த பெரிய படிக்கட்டு, நாலாவது மாடி ஜன்னல் வெளிச்சம். மெசேஜ் போட்டேன், பத்து நிமிஷத்துல போன். என் பேர பாத்துட்டு எடுத்த உடனே தமிழ்ல, "அக்கா, நம்ம ஊரா? சொல்லுங்க அக்கா"ன்னான்.

அங்க தான் விழுந்தேன். இந்த ஊருக்கு வந்து 9 வருஷம் ஆச்சு, வெள்ளக்காரன் கிட்ட நூறு கேள்வி கேப்பேன், காண்ட்ராக்ட்ட வரி வரியா படிப்பேன். "அக்கா"ன்னு கூப்பிட்டவன் கிட்ட ஒரு கேள்வி கேக்கல. அவன் பேசுன விதம் அப்படி. 1954ல நடிகை மர்லின் மன்றோவும் பேஸ்பால் வீரர் ஜோ டிமேஜியோவும் கல்யாணம் பண்ணது இங்க தான்னான். 2013ல கமலா ஹாரிஸ் கலிஃபோர்னியாவோட அட்டர்னி ஜெனரலா (மாநில தலைமை வக்கீல்) இருந்தப்ப ஒரு ஜோடிக்கு இங்க நின்னு கல்யாணம் பண்ணி வச்சாங்க, நம்ம துளசேந்திரபுரத்து பேத்தி அக்கான்னான். ரெண்டுமே உண்மை, அப்பவே தேடி பாத்தேன். இவ்ளோ உண்மை பேசறவன் காசு விஷயத்துல பொய் சொல்லுவான்னு எனக்கு தோணல. அப்புறம் அம்மா அப்பா வரலன்னு நானே சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "எங்க அம்மாவும் ஊர்ல தான் அக்கா இருக்காங்க, உங்க அம்மாவுக்கு ஒரு ஃப்ரேம் கூட மிஸ் ஆகாது, நான் பாத்துக்கறேன்"ன்னான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அத நெனச்சா இப்ப வயிறு எரியுது.

பேக்கேஜ் 2,400 டாலர். அதுல கல்யாண லைசென்ஸ் (கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கற அனுமதி) அப்பாயின்ட்மென்ட், கல்யாண ஸ்லாட் ரெண்டும் "எங்க ஆள் மூலமா" வாங்கி தர 350. நாலாவது மாடிய ஒரு மணி நேரம் நமக்கு மட்டும் ரிசர்வ் பண்ண 600. மீதி 1,450 ரெண்டு மணி நேர போட்டோவுக்கும் ஆல்பத்துக்கும். "வெப்சைட் வழியா கட்டுனா அவங்க கமிஷன் எடுப்பாங்க அக்கா, ஜெல்ல அனுப்பிடுங்க"ன்னான். (ஜெல்னா Zelle, பேங்க்ல இருந்து நேரா இன்னொருத்தருக்கு காசு அனுப்பற வசதி.) 1,200 அன்னைக்கே அனுப்புனேன். மீதி 1,200 கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி, "இப்ப வரலன்னா நாலாவது மாடி கைய விட்டு போயிடும் அக்கா"ன்னு சொன்னதால. ஆக மொத்தம் 2,400 டாலர், நம்ம ஊர் காசுக்கு ரெண்டு லட்சம்.

வெள்ளிக்கிழமை காலைல 10.30 ஸ்லாட். தங்கச்சி பச்சை பட்டு, அரக்கு பார்டர், அம்மா ஊர்ல இருந்து கொடுத்து விட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டி. கவுண்டி கிளார்க் (கல்யாண பதிவு பாக்கற அரசு ஆபீஸ்) நடத்தற கல்யாணத்துக்கு கூட 6 பேர் தான் வரலாம், நாங்க சரியா 6 பேர். செக்யூரிட்டி ஸ்கேன் எல்லாம் முடிச்சு 10 மணிக்கே உள்ள நிக்கறோம். போட்டோகிராபர காணோம். ஏஜென்ட்டுக்கு போன் பண்ணா, "பார்க்கிங் தேடறாரு அக்கா, அஞ்சு நிமிஷம்." 10.20க்கு பண்ணா, "வாசல்ல செக்யூரிட்டி லைன்ல நிக்கறாரு அக்கா." 10.30க்கு கூப்பிட்டுட்டாங்க. அங்க யாருக்காகவும் நிறுத்த முடியாது, பின்னாடி அடுத்த ஜோடி மாலையும் கையுமா நிக்குது, அரை மணிக்கு ஒரு கல்யாணம். மொத்த சடங்கே பத்து நிமிஷம் கூட இல்ல.

நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? வீடியோ கால்ல அம்மாவ பிடிச்சுட்டு நின்னேன். அங்க ராத்திரி 11 மணி, அம்மா பட்டுப்புடவை கட்டி தலை நெறைய பூ வச்சு உக்காந்திருக்காங்க, அப்பா பக்கத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. எப்ப வேணா போட்டோகிராபர் ஓடி வந்துடுவான்ற நம்பிக்கைல நான் ஒரு போட்டோ கூட எடுக்கல. என் வீட்டுக்காரர் பூவையும் லைசென்ஸ் பேப்பரையும் வச்சுக்கிட்டு நிக்கறாரு, மாப்பிள்ளையோட பெரியப்பா மட்டும் அவர் போன்ல ரெண்டு எடுத்தாரு, ரெண்டுலயும் கல்யாணம் பண்ணி வச்ச அதிகாரியோட முதுகு தான் இருக்கு. டோமுக்கு அடில மோதிரம் மாத்தறப்ப சிக்னல் விட்டு போச்சு. திரும்ப லைன் வந்தப்ப அம்மா கேட்டாங்க, "முடிஞ்சிருச்சாடி? பரவால்ல விடு, போட்டோல பாத்துக்கறேன்."

11.05க்கு ஒரு பையன் வந்தான். இருவது வயசு இருக்கும், ஒரு கேமரா, ஒரே லென்ஸ். நாலாவது மாடிக்கு லிஃப்ட் எங்கன்னு எங்க கிட்டயே கேக்கறான். "எனக்கு நேத்து நைட்டு தான் சொன்னாங்க, டைம் 11னு தான் சொன்னாங்க"ன்னான். அந்த பையன நான் திட்டல. அவனுக்கும் ஒழுங்கா காசு கொடுத்திருப்பாங்களான்னு சந்தேகம் தான்.

நாலாவது மாடிக்கு போனா ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு ஜோடி. நமக்கு மட்டும் ரிசர்வ் பண்ண இடம் எதுன்னு அங்க இருந்த காவலர் கிட்ட கேட்டேன். அவர் ரொம்ப தன்மையா சொன்னாரு: ஆபீஸ் நேரத்துல இது எல்லாருக்கும் பொது, யார் வேணா வந்து போட்டோ எடுக்கலாம், காசு இல்ல. தனியா வேணும்னா கட்டடத்தோட ஈவென்ட்ஸ் ஆபீஸ்ல ஒரு மணி நேர கல்யாணம்னு புக் பண்ணணும், அதுக்கு அவங்க காண்ட்ராக்ட் கொடுப்பாங்க, இன்னைக்கு காலைல இங்க அப்படி எதுவும் இல்லன்னாரு. எவனுக்கும் சொந்தமில்லாத ஜன்னல் வெளிச்சத்த எனக்கு 600 டாலருக்கு வித்திருக்கான்.

அந்த 350ம் அதே கதை தான். கிளார்க் ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் ரெண்டுமே நாமளே ஆன்லைன்ல போடலாம், 90 நாள் முன்னாடியே திறந்துடும். லைசென்ஸ் கட்டணம், கல்யாண கட்டணம் ரெண்டையும் மாப்பிள்ளை தனியா கட்டியிருக்காரு, ரெண்டும் சேத்தே 300 டாலருக்குள்ள தான். அப்ப "எங்க ஆள்"னு ஒருத்தன் எதுக்கு? அப்படி ஒரு ஆளே கிடையாது. சர்டிபிகேட் வீட்டுக்கு தானா வந்துடும்னு வேற சொன்னான். வராது. சாட்சியா நான் கையெழுத்து போட்ட லைசென்ஸ் பதிவானதுக்கு அப்புறம் சர்டிஃபைட் காப்பிக்கு நாமளே தனியா விண்ணப்பம் போட்டு காசு கட்டி வாங்கணும். இவன் பேச்ச நம்பி மூணு வாரம் தபால் பெட்டிய பாத்துட்டு இருந்தோம், விசா வேலை அத்தன நாள் தள்ளி போச்சு.

பையன் 11.40க்கு அடுத்த ஜோடி இருக்குன்னு கிளம்பிட்டான். ரெண்டு மணி நேரத்துக்கு காசு வாங்கிட்டு 35 நிமிஷம்.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. மொத வாரம் "எடிட்டிங்ல இருக்கு அக்கா". ரெண்டாவது வாரம் "எடிட்டருக்கு உடம்பு சரியில்ல". மூணாவது வாரம் போன எடுக்கல, என் வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து பண்ணா உடனே எடுத்தான், குரல கேட்டதும் "மீட்டிங்ல இருக்கேன்"னு வச்சுட்டான். அம்மா தினமும் கேக்கறாங்க, போட்டோ வந்துச்சா, பக்கத்து வீட்டு மாமிக்கு காட்டணும்னு. நான் தினமும் ஒரு பொய் சொல்றேன். நாலாவது வாரம் ஒரு லிங்க் வந்துச்சு. 31 போட்டோ. அதுல 19 வேற யாரோ ஒரு ஜோடி. வெள்ள கவுன் போட்ட ஒரு பொண்ணு, பாவம் அவங்க கல்யாணமும் இப்படி தான் எங்கயோ மாட்டிட்டு இருக்கு. எங்களோடது 12, அதுல 5 மசமசன்னு இருக்கு. மோதிரம் மாத்தறது, மாலை மாத்தறது, கையெழுத்து போடறது ஒண்ணு கூட இல்ல. எப்படி இருக்கும், அந்த நேரத்துல போட்டோகிராபர் தான் வரவே இல்லையே.

காச திருப்பி குடுன்னு கேட்டேன். அதுவரைக்கும் அக்கான்னு கூப்பிட்டவன் அதுக்கப்புறம் இங்கிலீஷ்ல மட்டும் எழுதறான். "ரெண்டு மணி நேரம்னு தான் ஒத்துக்கிட்டோம், சடங்க எடுக்கறோம்னு எங்கயும் எழுதல"ன்னு பதில். கல்யாண போட்டோன்னா கல்யாணத்த எடுக்கறதுன்னு தனியா வேற எழுதணுமா? வெப்சைட்ட கேட்டா, எங்க வழியா காசு கட்டல, அதனால நாங்க பொறுப்பில்லன்னு கைய விரிச்சுட்டாங்க, மூணு பேர் மாறி மாறி அதே வரிய ஒட்டுனாங்க. பேங்க்ல கேட்டா, ஜெல்ல நீங்களா விரும்பி அனுப்புனது, திரும்ப எடுக்க முடியாதுன்றாங்க. நேத்து ராத்திரி கடைசியா வந்த மெசேஜ்: மோசமா ரிவ்யூ எழுத மாட்டேன்னு உறுதி கொடுத்தா 200 டாலர் தரேன், இல்லன்னா எதுவும் இல்ல.

2,400 வாங்குனவன் என் வாய அடைக்க 200 தர்றானாம். நான் பதில் போடல. கலிஃபோர்னியால ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல (சின்ன தொகை வழக்குக்கான கோர்ட்) தனி ஆள் 12,500 டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாம கேஸ் போடலாம். திங்கக்கிழமை போடறேன்.

யாருக்காவது உதவட்டும்னு டிப்ஸ் எழுதணும்னு தான் ஆரம்பிச்சேன், மண்டை ஓடல, தோணுறத சொல்றேன். ஜெல்ல அனுப்பாதீங்க, கிரெடிட் கார்டுல கட்டுங்க, அப்ப தான் சண்டை போட ஒரு வழி இருக்கும். கேமரா தூக்கிட்டு வரப்போற ஆளோட மொத நாளே நேரா பேசிடுங்க, சடங்கு நேரத்த எழுத்துல வாங்குங்க. அப்பாயின்ட்மென்ட்டுக்கு எவனுக்கும் காசு கொடுக்காதீங்க. கூட வர்ற 6 பேர்ல ஒருத்தர் கைல வேற வேலையே கொடுக்காம போன்ல போட்டோ எடுக்க மட்டும் விடுங்க, எத்தன பெரிய போட்டோகிராபர் வந்தாலும் சரி.

கடைசியா ஒரு உதவி. ஏப்ரல் ரெண்டாவது வெள்ளி, காலைல 10.30ல இருந்து 10.45க்குள்ள அந்த டோமுக்கு அடில, இல்ல பெரிய படிக்கட்டுல உங்க கல்யாணத்துக்கோ ஃப்ரெண்டு கல்யாணத்துக்கோ போட்டோ எடுத்தவங்க யாராவது இருந்தா, உங்க படத்துல பின்னாடி ஓரமா பச்சை பட்டுப்புடவைல ஒரு பொண்ணு, வேட்டி கட்டுன ஒரு பையன் தெரியறாங்களான்னு கொஞ்சம் பெருசு பண்ணி பாருங்க. தெளிவா இல்லன்னாலும் பரவால்ல. எங்க அம்மாவுக்கு அனுப்பணும்.